இரைச்சலான கட்டடத்தின் மாடியில் ஓர் அமைதி அறை: ஆஸ்டின் வளாகம் பற்றிய நிகழ்வு ஆய்வு

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் 50,000க்கும் அதிகமான மாணவர்கள் படிக்கிறார்கள். அவர்கள் கூடிப் பேசவும் சாப்பிடவும் சங்கங்கள் நடத்தவும் ஒத்திகை பார்க்கவும் ஒரு பெரிய கட்டடம் திட்டமிடப்பட்டபோது, மாணவர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று வித்தியாசமாக இருந்தது. கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருக்க ஓர் இடம் வேண்டும் என்று கேட்டார்கள். 2011இல் அந்தக் கட்டடம் ஸ்டூடண்ட் ஆக்டிவிட்டி சென்டர் என்ற பெயரில் திறந்தது. 2013 அக்டோபரில் அதன் மாடித் தோட்டத்தில் அவர்கள் கேட்ட இடமும் திறந்தது. ஒளியையே கலைப்பொருளாகக் கொண்ட அமெரிக்கக் கலைஞர் ஜேம்ஸ் டரெல் வடிவமைத்த அந்த அறைக்கு ‘த கலர் இன்சைட்’ என்று பெயர். சுற்றிலும் கரிய பசால்ட் கல் இருக்கை, வெள்ளைப் பூச்சுச் சுவர், கூரையில் ஒரு நீள்வட்டத் திறப்பு. ஏறத்தாழ 25 பேர் உட்காரலாம். ஓவியமோ சிலையோ திரையோ அங்கே கிடையாது.

வளாகத்தில் மன அழுத்தத்தைத் தணிக்கும் கலை என்று திட்டம் போடுகிறவர்கள் இந்த அறையை நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலான திட்ட வரைவுகள் எதையெதைச் சேர்க்கலாம் என்ற பட்டியலோடுதான் தொடங்குகின்றன: சுவர் முழுக்கக் காடு, அருவி ஓசை, தொட்டால் ஒளிரும் தரை, வாசனை, மூச்சுப் பயிற்சிக் குரல். ஆஸ்டினில் நடந்தது நேர்மாறு. வருகிறவர் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டிய பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்கள். அந்த அறை வேலை செய்வதற்கு அதுதான் முதல் காரணம் என்று நான் நினைக்கிறேன். அறைக்குள் எதை வைத்தார்கள் என்பதைவிட, அறையை எங்கே வைத்தார்கள், எந்த நேரத்துக்காகச் செய்தார்கள் என்பதில்தான் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

முதலில் ஒரு தோல்வியைப் பார்த்துவிடலாம். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஒருமுறை பறவைத் தோட்டம் என்ற பெயரில் உலோகச் சிற்பங்களை வைத்தார்கள். நோக்கம் நல்லது: நோயாளிகள் சன்னல் வழியே பார்த்தால் தோட்டத்தில் பறவைகள் தெரியும், மனம் லேசாகும். ஆனால் சிற்பங்கள் நேர்கோடுகளும் கூர்முனைகளுமாக இருந்தன. புற்றுநோயோடு படுக்கையில் கிடந்த பலருக்கு அவை இரை தேடும் பறவைகளாகத் தெரிந்தன. எதிர்ப்பு வந்தது, சிற்பங்களை அகற்றினார்கள். ஒரு கலைக்கூடத்தில் நல்ல மனநிலையோடு வருகிற பார்வையாளர் அதே சிற்பங்களை ரசித்திருக்கக்கூடும்.

சூழலுக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த ரோஜர் உல்ரிச் இதைத்தான் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டினார். பயத்தில் இருப்பவர் தெளிவில்லாத உருவத்தைத் தன் பயத்தின் நிறத்திலேயே பார்க்கிறார். 1984இல் அவர் வெளியிட்ட ஆய்வு பலருக்கும் தெரிந்தது: பென்சில்வேனியாவின் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில், சன்னல் வழியே மரங்களைப் பார்த்தவர்கள் செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், கடுமையான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. அவ்வளவாக யாரும் பேசாத இன்னொரு ஆய்வு, அவர் சகாக்களோடு சேர்ந்து ஸ்வீடனின் உப்சாலாவில் இதய அறுவை சிகிச்சை முடிந்தவர்களிடம் செய்தது. நீரும் மரமும் உள்ள படத்தைப் பார்த்தவர்களின் பதற்றம் தணிந்தது. கட்டம் கட்டமான அருவ ஓவியத்தைப் பார்த்தவர்களோ, எந்தப் படமும் இல்லாமல் இருந்தவர்களைவிட அதிகப் பதற்றம் அடைந்தார்கள். நிறுவல் கலை, அதாவது ஓர் இடத்தையே படைப்பாக அமைக்கும் கலை, செய்பவர்கள் இந்தக் கடைசி வரியை ஒருமுறைக்கு இருமுறை படிக்க வேண்டும். தேர்வு வாரத்தில் தூக்கமில்லாமல் வருகிற மாணவரும் ஓரளவுக்கு அந்த நோயாளியின் நிலையில்தான் இருக்கிறார். அவர் முன்னால் புதிர் போடும் கலையை வைத்தால் அதுவும் அவருக்கு இன்னொரு வினாத்தாள் ஆகிவிடும்.

அப்படியானால் மரம், நீர், மலை என்று படம் மாட்டிவிட்டால் போதுமே என்று கேட்கலாம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் இருவரும் 1980களில் இதற்கு இன்னும் கூர்மையான விளக்கம் தந்தார்கள். பாடத்திலும் வேலையிலும் நாம் முயன்று செலுத்தும் கவனம் தீர்ந்துபோகக்கூடிய ஒன்று. அது மீண்டும் ஊற வேண்டுமானால், முயற்சி இல்லாமலே மனத்தைப் பிடித்துவைக்கும் ஏதோ ஒன்று கண்முன் இருக்க வேண்டும். ஆனால் அது முழு மனத்தையும் இழுத்துக்கொள்ளவும் கூடாது. மேகம் நகர்வது, இலை அசைவது, தண்ணீரில் வெளிச்சம் நெளிவது எல்லாம் இந்த வகை. கைப்பேசித் திரையும் மனத்தைப் பிடிக்கும்தான், ஆனால் இடைவெளி விடாது. ஆஸ்டின் அறையில் நடப்பதை விளங்கிக்கொள்ள இதைவிடப் பொருத்தமான கோட்பாடு இல்லை. அங்கே பார்க்க இருப்பது வானம் ஒன்றுதான், அதுவும் மெதுவாக மாறிக்கொண்டிருக்கிறது.

இனி அந்தத் திறப்புக்கு வருவோம். நம் பழைய முற்றம் வைத்த வீட்டில் நின்று மேலே பார்த்தால் வானம் தெரியும், ஆனால் அது ஓட்டுக்கு மேலே வெகு தூரத்தில் தெரியும். ஓட்டின் தடிமன், உத்தரத்தின் நிழல், தாழ்வாரத்தின் சரிவு எல்லாம் சேர்ந்து கண்ணுக்குத் தூரத்தைச் சொல்லிக் கொடுக்கின்றன. டரெல் அந்தத் துப்புகளை அழித்துவிடுகிறார். கூரையின் விளிம்பை வெளிப்பக்கமாகச் சீவி, உள்ளிருந்து பார்ப்பவருக்குக் கத்திமுனைபோல் மெலிதாகத் தெரியும்படி செய்கிறார். தடிமன் தெரியாதபோது கூரை எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் பிரிக்க முடிவதில்லை. வானம் இறங்கி வந்து கூரை மட்டத்தில் விரித்த துணிபோல் நிற்கிறது. திறப்பில் கண்ணாடி கிடையாது. மழை பெய்தால் உள்ளே விழும். கண்ணாடி போட்டிருந்தால் ஒரு பிரதிபலிப்பு, ஒரு தூசிப்படலம், ஒரு சட்டம் என்று கண்ணுக்கு மறுபடியும் பிடி கிடைத்திருக்கும்.

இவ்வளவும் பகலிலேயே நடந்துவிடுகிறது. அந்தியில் இன்னொன்று சேர்கிறது. கண்ணில் படாமல் பொருத்திய எல்.இ.டி. விளக்குகள் சுவர்மீதும் கூரைமீதும் நிறத்தைப் பரப்புகின்றன, மிக மெதுவாக. கூரை செம்மஞ்சளாக ஆகும்போது திறப்பில் தெரியும் வானம் பச்சை கலந்த ஆழ்ந்த நீலமாகிறது. கூரை பச்சையானால் அதே வானம் ஊதா பூசிக்கொள்கிறது. கூரையில் வெளிச்சத்தைக் கூட்டினால் வானம் கறுத்துவிடுகிறது, குறைத்தால் நீலம் திரும்பி வருகிறது. வானத்தின்மேல் எந்த விளக்கும் அடிக்கவில்லை. சுற்றியுள்ள நிறத்துக்குக் கண் பழகிக்கொள்வதும், பக்கத்து நிறத்தை வைத்தே ஒரு நிறத்தை மதிப்பிடுவதும் மனிதப் பார்வையின் இயல்பு. டரெல் 1965இல் பொமோனா கல்லூரியில் பட்டம் பெற்றது பார்வை உளவியலில் என்பது இங்கே பொருந்துகிறது. அவர் க்வேக்கர் குடும்பத்தில் பிறந்தவர் என்பதும் பொருந்துகிறது. எல்லோரும் பேசாமல் ஒன்றாக உட்கார்ந்திருப்பதையே வழிபாடாகக் கொண்ட சமூகம் அது. சுவரை ஒட்டிச் சுற்றி வரும் அந்த இருக்கையில் அந்தக் கூட்டத்தின் சாயல் இருக்கிறது. மேடையும் இல்லை, முன்வரிசையும் இல்லை. ஒருவரை ஒருவர் பார்க்கும்படி உட்கார்ந்தாலும் எல்லோர் கண்ணும் மேலே.

தனியாக விடப்படாமலும் தொந்தரவு செய்யப்படாமலும் இருப்பது, அழுத்தத்தில் இருக்கும் மாணவருக்குக் கிடைப்பதற்கு அரிய ஒன்று. விடுதி அறையில் தனிமை கடிக்கிறது, உணவுக்கூடத்தில் யாரோடாவது பேசியாக வேண்டும். இந்த இருக்கை இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் தருகிறது. ‘ஒருவர் மட்டும்’ என்ற தியானக் கூண்டுகளைப் பல வளாகங்கள் வாங்கி வைக்கின்றன. எனக்கு அவற்றின்மேல் நம்பிக்கை இல்லை. கதவை மூடிக்கொண்டு உட்காருகிறவர் தன் எண்ணங்களோடு இன்னும் இறுக்கமாகக் கட்டப்படுகிறார்.

நேரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், இந்த வேலையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ஆஸ்டின் ஏறத்தாழ 30 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. அங்கே சூரியன் மறைந்தபின் அந்தி வெளிச்சத்தின் முதல் கட்டம் முடிய ஏறத்தாழ 25 நிமிடம் ஆகும். அந்த நேரத்துக்குள் வானத்தின் ஒளி நூறில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. விளக்குகளின் நிறம் மாறிக்கொண்டு போகும் அந்த ஒளித்தொடர் முழுக்க இந்த இறக்கத்தோடு இழைத்துக் கட்டப்பட்டது. அதனால் அதை வேகப்படுத்தவோ மதியம் இரண்டு மணிக்குப் போட்டுக் காட்டவோ வழியில்லை. அழைத்த நேரத்துக்கு வராத ஒரே விருந்தாளி சூரியன்தான், மாணவர்கள்தான் அதன் நேரத்துக்குப் போக வேண்டும். பல்கலைக்கழக நாட்காட்டியோடு இதைப் பொருத்திப் பார்த்தால் சுவாரசியமாக இருக்கிறது. டிசம்பர் தேர்வுக் காலத்தில் ஆஸ்டினில் சூரியன் மாலை ஐந்தரை மணிக்கே மறைகிறது. மே மாதத் தேர்வுக் காலத்தில் எட்டே கால் ஆகிவிடுகிறது. முதலாவது, வகுப்போ ஆய்வகமோ முடிந்து நேராக வருகிற நேரம். இரண்டாவது, இரவுப் படிப்பு தொடங்குமுன் கிடைக்கிற இடைவேளை. ஒரே அறை பருவத்துக்குப் பருவம் வேறு மாணவர்களுக்கு, வேறு வேலையைச் செய்கிறது.

அந்தித் தொடருக்கு முன்பதிவு வேண்டும், கட்டணம் இல்லை. முன்பதிவு என்றதும் எனக்கு முதலில் தயக்கம் இருந்தது. மனம் கனத்த நேரத்தில் யார் பதிவு செய்துவிட்டு வருவார்கள்? ஆனால் 25 பேர் உட்காரும் இடத்தில் வரிசையும் தள்ளுமுள்ளும் வந்தால் அறையின் பொருளே போய்விடும். அதோடு, பகல் நேரத்தில் ஒளித்தொடர் இல்லாமலும் அந்த அறையில் போய் உட்காரலாம். திடீரென்று ஓர் இடம் தேவைப்படுகிறவருக்கு அந்தப் பகல் நேரம்தான் உண்மையில் உதவுகிறது. நிறங்கள் ஊரார் பார்க்க வரும் காட்சி. பகல் வானம் அந்தக் கட்டடத்து மாணவர்களுடையது. புதிதாக இப்படி ஓர் இடம் செய்பவர்கள், விளக்கு அணைந்திருக்கும்போதும் அறை தாங்குமா என்று முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும். பல நிறுவல்கள் மின்சாரம் போனதும் வெறும் அட்டைப்பெட்டி ஆகிவிடுகின்றன.

இடத் தேர்வு துணிச்சலானது. அமைதி அறை என்றால் வளாகத்தின் ஓரத்தில், ஏரிக்கரையில், மரங்களுக்கு நடுவில் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஓரத்தில் இருக்கும் இடத்துக்கு நேரம் இருப்பவர்தான் போவார். அழுத்தத்தில் இருப்பவருக்கு நேரம்தான் இல்லை. இங்கே கீழே உணவுக்கூடமும் சங்க அறைகளும் கூட்ட அரங்கும் இரைந்துகொண்டிருக்கின்றன, படியேறினால் தோட்டம், தோட்டத்தைத் தாண்டினால் அறை. இரைச்சலிலிருந்து அமைதிக்குச் சில நிமிட நடைதான், நடுவில் இருக்கும் தோட்டம் காதுக்கும் கண்ணுக்கும் இடைநிலை. சிகாகோவில் இலினாய் பல்கலைக்கழகத்தின் வளாக முனையில் டரெலின் இன்னொரு வானறை, அதாவது கூரைத் திறப்பில் வானத்தைக் காட்டும் இதே வகை அறை, இருக்கிறது. ரூஸ்வெல்ட் சாலையும் ஹால்ஸ்டெட் தெருவும் சந்திக்கும் பரபரப்பான முக்கில், வாகன ஓசைக்கு நடுவில் நிற்கிறது. நகரத்துக்கு ஓர் அடையாளமாக அது நன்றாக இருக்கலாம். ஆனால் மாணவருக்கான தணிப்பு என்று பார்த்தால், மாடியையும் தோட்டத்தையும் நடுவில் வைத்த ஆஸ்டின் ஏற்பாட்டையே நான் தேர்வேன்.

மாடிக்கு இன்னொரு நியாயமும் உண்டு, அது வானம் சம்பந்தப்பட்டது. டல்லாஸின் நாஷர் சிற்ப மையத்தில் 2003இல் டரெல் ‘டெண்டிங், (ப்ளூ)’ என்ற வானறையைச் செய்தார். சில ஆண்டுகள் கழித்து பக்கத்தில் எழுந்த உயரமான குடியிருப்புக் கோபுரம் அந்தத் திறப்புக்குள் எட்டிப்பார்த்தது. தூய வானம் போனதால் அந்தப் படைப்பே அழிந்துவிட்டது என்று டரெல் அறிவித்தார், 2012இல் அதை மூடினார்கள். நியூயார்க்கின் பி.எஸ்.1 கலை மையத்தில் இருக்கும் ‘மீட்டிங்’ என்ற வானறையும் 2019இல் தற்காலிகமாக மூடப்பட்டது. அருகில் கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடியின் சாரம் திறப்பில் தெரிந்ததுதான் காரணம். வளாகங்கள் ஓயாமல் கட்டிக்கொண்டே இருப்பவை. திறந்த வானத்தை நம்பி ஒரு கலையைச் செய்தால், அடுத்த முப்பது ஆண்டுக் கட்டடத் திட்டத்தில் அந்த வானத்தை மறைக்கக் கூடாது என்றும் ஒரு வாக்கியம் எழுதி வாங்க வேண்டும். கலைஞரோடு போடும் ஒப்பந்தத்தைவிட, வளாகத் திட்ட அலுவலகத்தோடு போடும் இந்த ஒப்பந்தம் முக்கியமானது.

பார்வையாளரை முழுதாகத் தனக்குள் ஆழ்த்தும் இவ்வகைக் கலையில் ஆபத்தும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 1980இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் டரெல் காட்டிய ஒளி அறை ஒன்றில், வெளிச்சத்தைச் சுவர் என்று நம்பிச் சாய்ந்தவர்கள் கீழே விழுந்தார்கள். வழக்கு வரை போயிற்று. எல்லாப் பக்கமும் ஒரே சீரான நிறம் நிறையும்போது கண்ணுக்கு எங்கும் நிலைகொள்ள முடியாது, தூரமும் தரையும் குழம்பிவிடும். அந்தக் குழப்பத்தைத் தேடி வருகிற கலைப் பார்வையாளருக்கு அது அனுபவம். ஏற்கெனவே நெஞ்சு படபடக்கிற மாணவருக்கு அது வேதனை. டரெலே செய்த இரு வகை அறைகளில் எதை வளாகத்துக்குத் தேர்ந்தார்கள் என்பது இங்கே முக்கியம். வானறையில் முதுகுக்குக் கல் இருக்கிறது, காலுக்குத் தரை இருக்கிறது, கதவு தெரிகிறது. மயக்கம் மேலே மட்டும்தான், கண்ணை இறக்கினால் உடனே நிலத்துக்கு வந்துவிடலாம். மன அழுத்தம் நிறைந்த இடத்துக்குக் கலை செய்யும்போது வெளியேறும் வழி எப்போதும் கண்ணில் இருக்க வேண்டும் என்பதில் நான் எந்தச் சமரசத்துக்கும் தயாரில்லை. மின்னும் விளக்கு, திடீர் ஒலி, இருட்டுத் தாழ்வாரம் மூன்றும் எனக்குக் கூடாதவை.

அதே டெக்சாஸில், ஹூஸ்டனின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் 2012இல் திறந்த ‘ட்வைலைட் எபிஃபனி’யை இதோடு ஒப்பிடாமல் இருக்க முடியாது. பல்கலைக்கழகத்தின் நூற்றாண்டையொட்டி எழுந்தது. புல் போர்த்திய சரிவுமேடு, அதன்மேல் 72 அடிச் சதுரக் கூரை, நடுவில் 14 அடிச் சதுரத் திறப்பு, இரண்டு நிலைகளில் 120 பேருக்கு இருக்கை. பக்கத்தில் இசைக் கல்லூரி இருப்பதால் இசை நிகழ்ச்சிக்கும் ஏற்ப ஒலியமைப்பு செய்திருக்கிறார்கள். அழகில் குறைவில்லை. ஆனால் அது திறந்த புல்வெளியில் நிற்கும் விழாக்கால மண்டபம், நகரமே வந்து பார்க்கும் இடம். ஆஸ்டின் அறை மூடிய நீள்வட்டம், சிறியது, ஒரு கட்டடத்து மாணவர்களின் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது. இரண்டையும் ஒரே கலைஞர் ஓராண்டு இடைவெளியில் செய்தார் என்பதால், அளவும் இடமும் எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் என்பது தெளிவாகத் தெரிகிறது.

டரெலை அழைக்கும் வசதி எத்தனை வளாகங்களுக்கு உண்டு என்பது நியாயமான கேள்வி. ஆஸ்டினில் அது நடந்ததற்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது. புதுக் கட்டடங்களுக்கும் பெரிய புதுப்பிப்புகளுக்கும் ஆகும் மூலதனச் செலவில் 1 முதல் 2 சதவீதத்தைக் கலைக்கு ஒதுக்க வேண்டும் என்று பல்கலைக்கழகம் கொள்கை வகுத்தது. அதை நடத்துவது லேண்ட்மார்க்ஸ் என்ற பொதுக்கலைத் திட்டம். 2008இல் நியூயார்க் மெட்ரோபொலிடன் அருங்காட்சியகத்திடமிருந்து 28 சிற்பங்களை நீண்டகாலக் கடனாக வாங்கி வளாகமெங்கும் வைத்துத்தான் அது தன் பணியைத் தொடங்கியது. கலைக்கான பணம் கட்டடக் கணக்கிலேயே முதலில் எழுதப்பட்டிருந்ததால், மாணவர்களின் கோரிக்கை ‘பிறகு பார்ப்போம்’ என்ற கோப்புக்குள் போகவில்லை.

எளிமையான சான்று ஒன்று 1955லிருந்தே அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகத்தில் நிற்கிறது. கட்டடக் கலைஞர் ஏரோ சாரினென் வடிவமைத்த சிற்றாலயம் அது. சன்னலில்லாத செங்கல் உருளை, சுற்றி ஆழமில்லாத அகழி. அகழி நீரில் பட்ட வெயில் சுவரடியில் இருக்கும் இடைவெளி வழியே உள்ளே ஏறி, நெளியும் சுவரில் அசைந்துகொண்டே இருக்கிறது. மேலே ஒரு வட்டத் திறப்பு, அதன் கீழே சிற்பி ஹாரி பெர்தோயா தொங்கவிட்ட உலோகத் தகடுகள் வெளிச்சத்தைச் சிதறவிடுகின்றன. நிரல் எழுதிய விளக்கு எதுவும் இல்லை. எந்த மதத்தவரும், மதமே இல்லாதவரும் போய் உட்காரலாம். அந்த இடமும் செய்வது அதே வேலைதான்: கண்ணுக்கு மெதுவான ஒரே அசைவு, மற்றதெல்லாம் இருட்டும் கல்லும்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்த ஆய்வு ஏமாற்றாகிவிடும். மதிப்பெண் நெருக்கடி, கல்விக்கடன், தூக்கமின்மை, துணைக்கு ஆளில்லாத தனிமை ஆகியவற்றை எந்த அறையும் தீர்க்காது. ஆலோசகர் பணியிடங்களைக் குறைத்துவிட்டு அமைதி அறை திறக்கும் நிர்வாகம், கலையைக் கேடயமாக்குகிறது. கலைஞர் அந்த வேலைக்கு உடன்படக் கூடாது. அறை செய்யக்கூடியது சிறியது: அரை மணி நேரத்துக்கு எதையும் கேட்காத ஓர் இடம் தருவது. அந்தச் சிறிய வேலையைச் சரியாகச் செய்தால் அதுவே பெரிது.

இப்படி ஒன்றைத் திட்டமிடுகிறவர்கள் பட்ஜெட்டில் பராமரிப்புக்கு ஒதுக்கும் தொகையை முதலில் எழுதிவிட்டு, மிச்சத்தில் கட்ட வேண்டும் என்பேன். திறந்த கூரைக்குள் மழைநீரும் இலையும் வரும். வெள்ளைப் பூச்சில் ஒரு கீறல் விழுந்தாலும் ஒளி அதைக் காட்டிக் கொடுக்கும். எல்.இ.டி. விளக்குகள் வயதாக ஆக நிறம் மாறும். நான்கில் ஒன்று மட்டும் மாறினால் சுவரில் திட்டுத் திட்டாகத் தெரியும், அதனால் தொகுதியாகவே மாற்ற வேண்டிவரும். கதவைத் திறந்து மூடவும், உள்ளே யாரும் உடைந்துபோய் உட்கார்ந்திருந்தால் கவனித்து மெதுவாக அருகில் போகவும் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும், அந்தச் சம்பளமும் கணக்கில் இருக்க வேண்டும்.